பெரியப்பாவுக்கு மட்டும் கிளம்பாத லாரி

எங்கள் வீட்டு லாரிக்குப் பெரியப்பாவைப் பிடிக்காமல் போய்விட்டது என்று ஊரில் பேசிக்கொண்டார்கள். லாரிக்குப் பிடிப்பது, பிடிக்காமல் போவது எல்லாம் உண்டா என்று யாரும் கேட்கவில்லை. பாகூர்ப் பக்கத்து ஜனங்களுக்கு ஒரு கதை கையில் கிடைத்துவிட்டால் அதை இரண்டாம் முறை தட்டிப் பார்க்கிற வழக்கம் கிடையாது. நான் அப்போது நாலாம் வகுப்புப் படித்துக்கொண்டிருந்தேன். நம்புவதற்கு என்னைப் போல் தோதான ஆள் அந்தத் தெருவிலேயே இல்லை.

அது கரும்பு ஏற்றுகிற லாரி. கிருமாம்பாக்கத்துக்கு மேற்கே உள்ளே தள்ளி இருக்கிறது எங்கள் ஊர். கரும்பு வெட்டு தொடங்கிவிட்டால் பெரியப்பா வீட்டில் தங்குவதே அபூர்வம். வயலில் லோடு ஏற்றுவார், ஆலை வாசலில் வரிசையில் நிற்பார், இறக்கிவிட்டு அடுத்த வயலுக்குப் போவார். நாங்களும் பெரியப்பா குடும்பமும் ஒரே வாசலில் அடுத்தடுத்த வீடு. லாரி அந்த வாசலில்தான் நிற்கும். அந்த வருஷ வெட்டு முடிந்ததும் பெரியப்பா மகளுக்குக் கல்யாணம் என்று பேசி வைத்திருந்தார்கள். உறுவையாறு என்கிற ஊர் வரன். அதனால் அந்த வருஷம் லாரி ஓடியே ஆக வேண்டும்.

முதலில் நடந்தது ஏரிக்கரை விஷயம். நல்ல பகல் வேளை. முழு லோடோடு வந்துகொண்டிருந்த பெரியப்பா திடீரென்று பிரேக்கை மிதித்து ஸ்டியரிங்கை ஒடித்திருக்கிறார். லாரி ரோட்டை விட்டு இறங்கி நடவு வயலுக்குள் போய்ப் புதைந்து நின்றது. கரும்புக் கட்டெல்லாம் சேற்றில் விழுந்தன. ஆளுக்கு ஒன்றும் ஆகவில்லை. கூட இருந்த கிளீனர் அன்று மாலையே மாற்றுத் துணியைக்கூட எடுத்துக்கொள்ளாமல் ஓடிவிட்டான். ஓடுவதற்கு முன் தெரு முழுக்க ஒன்றைச் சொல்லிவிட்டுப் போனான்: ரோட்டில் யாருமே இல்லை.

பெரியப்பா விடவில்லை. “இருந்தான்யா. வேட்டி கட்டிக்கினு, முதுகக் காட்டிக்கினு, நட்ட நடு ரோட்ல நின்னான். ஹாரன் அடிச்சேன், திரும்பவே இல்ல.”

முகம் தெரியாத ஒருவன் முதுகை மட்டும் காட்டி நின்றால் அவன் யாராக வேண்டுமானாலும் இருக்கலாம். ஏரியில் முழுகிச் செத்தவன் என்றார் ஒருவர். மெயின் ரோட்டில் பஸ் அடித்தவன் என்றார் இன்னொருவர். அவரவர் வீட்டுச் சாவை எடுத்துவந்து அந்த முதுகுக்குப் பொருத்திப் பார்த்தார்கள். கடைசியில் ஒன்றில் மட்டும் எல்லோரும் ஒத்துப்போனார்கள். அவன் லாரியில் ஏறிவிட்டான் என்பதுதான் அது.

டிராக்டர் வைத்து லாரியை இழுத்துக் கொண்டுவந்தார்கள். வண்டியில் ஒரு கோளாறும் இல்லை, இரண்டொரு நாள் ஒழுங்காகத்தான் ஓடியது. அதற்குப் பிறகுதான் கிளம்ப மறுத்தது. பெரியப்பா ஏறி உட்கார்ந்து சாவியைத் திருப்புவார். இன்ஜின் சுற்றாது. அதற்குப் பதிலாக, போடாத இண்டிகேட்டர் மங்கலாக எரியும். எங்கிருந்தோ ஹாரன் முனகும். அது ஹாரன் அடிக்கிற சத்தமே இல்லை. காய்ச்சலில் கிடக்கிறவர்கள் தூக்கத்தில் முனகுவார்களே, அந்தச் சத்தம். பெரியப்பாவின் கை ஹாரன் மேல் இருக்காது. நாங்கள் வாசலில் பல் விளக்கிக்கொண்டே அதைக் கேட்டு நிற்போம். நுரையைத் துப்பக்கூடத் தோன்றாது.

இதைவிடப் பயம் தந்தது இன்னொன்று. லோடு நின்றுவிடக் கூடாதே என்று பெரியம்மா வில்லியனூர்ப் பக்கத்திலிருந்து ஒரு மாற்று டிரைவரை வரவழைத்தாள். அவர் ஏறி உட்கார்ந்து சாவியைத் திருப்பினார். ஒரே சுற்றில் பிடித்துக்கொண்டது. முனகலும் இல்லை, மங்கல் வெளிச்சமும் இல்லை. பொழுது சாயும்வரை ஓட்டிவிட்டுக் கொண்டுவந்து நிறுத்திவிட்டுப் போனார். மறுநாள் காலையில் பெரியப்பா ஏறினார். லாரி முனகியது. இப்படியே மாறி மாறி நடந்தது. மாற்று டிரைவர் வந்தால் ஓடும், பெரியப்பா தொட்டால் முனகும். ஏறியவனுக்குப் பெரியப்பாவோடுதான் வழக்கு என்று ஊரில் தீர்ப்பே எழுதிவிட்டார்கள்.

பரிகாரத்துக்குக் குறைவில்லை. விடியும் நேரத்தில் பெரியம்மா லாரிக்கு முன்னால் தண்ணீர் தெளித்துக் கோலம் போடுவாள். சக்கரத்துக்கு எலுமிச்சம்பழம், பம்பருக்குக் குங்குமம். பிறகு பம்பருக்குக் கீழே குனிந்து கற்பூரம் ஏற்றுவாள். குனிந்தால் வெகுநேரம் நிமிர மாட்டாள். என்ன பக்தி பார், என்று அம்மா என்னிடம் அவளைக் காட்டுவாள். எனக்கும் பக்தி வரட்டும் என்றுதான். லாரிச் சாவியைக்கூட ஊர் அம்மன் காலடியில் ஒருநாள் வைத்திருந்து எடுத்து வந்தார்கள். வரும்போது அதன் பல்லெல்லாம் குங்குமம்.

பெரியப்பாவுக்குப் பேய் மேல் கோபம் இல்லை. மாற்று டிரைவர் மேல்தான் கோபம். “என் வண்டிய ஊரான் ஓட்டுவான், நான் வூட்ல குந்திக்கினு பாக்கணுமா? மச்சான வரச் சொல்லு” என்றார். மச்சான் என்றது பெரியம்மாவின் தம்பியை. கடலூர் ரோட்டில் வண்டிகளுக்கு ஒயரிங் வேலை பார்க்கிற கடை வைத்திருந்தார். எங்களுக்கெல்லாம் ஒயரிங் மாமா. தம்பி என்றால் உயிரை விடுகிற பெரியம்மா அன்று மட்டும், “அவனுக்கு எங்க நேரம் இருக்குது, வேணாம்” என்றாள். பெரியப்பா காதில் போட்டுக்கொள்ளாமல் அவரே போன் செய்துவிட்டார்.

மாமா ஒரு காலை வேளையில் பைக்கில் வந்து இறங்கினார். எலுமிச்சம்பழத்தையும் கோலத்தையும் பார்த்தார். “இன்னாக்கா, பேய்க்கு லைசன்ஸ் இருக்குதா, கேட்டியா?” என்றார். பெரியம்மா சிரிக்கவில்லை. நான் சிரித்தேன். மாமா என்ன சொன்னாலும் நான் சிரிப்பேன்.

அவர் கையில் இரண்டு நீள ஒயர் கட்டிய ஒரு பல்பு. டெஸ்ட் லாம்ப் என்பார். பேட்டரிப் பெட்டியைத் திறந்து இரண்டு முனையையும் வைத்தார். பல்பு பளீரென்று எரிந்தது. பேட்டரிக்குக் குறைவில்லை. அடுத்து வண்டிக்கு அடியில் படுத்து ஸ்குரூ டிரைவரை ஸ்டார்ட்டரில் குறுக்கே வைத்துத் தொட்டார். பொறி பறந்தது, இன்ஜின் ஒரு உறுமல் உறுமிச் சுற்றியது. நாங்கள் எல்லோரும் சுவர்வரை ஓடிவிட்டோம்.

“ஸ்டார்ட்டரும் நல்லாத்தான் இருக்குது” என்று அடியிலிருந்தே சொன்னார். “சாவியப் போடுறப்பதான் வியாதி வருது. ஒராளு மேல ஏறித் திருப்புங்க.”

யாரும் அசையவில்லை. பெரியப்பா வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு எழுந்தார். “அவரு ஏறக் கூடாது” என்று பெரியம்மா குறுக்கே வந்தாள். பிறகு யார் ஏறுவது? தலைச்சன் பிள்ளை என்றால் காத்துக் கருப்புக்கு உயிர் என்பது எங்கள் ஊர்க் கணக்கு. பெரியப்பா மகளான அக்கா தலைச்சன். என் அண்ணன் தலைச்சன். அம்மாவும் பெரியம்மாவும் அவரவர் வீட்டில் தலைச்சன். அப்பா இரண்டாவது ஆள்தான், ஆனால் அன்று ஊரில் இல்லை. கூட்டிக் கழித்துப் பார்த்ததில் அந்த வாசலில் பேய்க்கு வேண்டாத ஒரே உருப்படி நான்தான் என்று தெரிந்தது. இரண்டாவதாகப் பிறந்ததற்கு எனக்குக் கிடைத்த முதல் மரியாதை அது. மாமா என்னைத் தூக்கி டிரைவர் சீட்டில் உட்கார வைத்து, “திருப்புன்னா திருப்பு, வுடுன்னா வுடு. அவ்ளோதான் டிரைவரம்மா” என்றார்.

கேபினுக்குள் கரும்புச் சாறு காய்ந்த புளித்த வாடையும் ஊதுவத்தி வாடையும் அடித்தன. வெளியே அவ்வளவு வெயில், உள்ளே ஏனோ குளிர்ந்து கிடந்தது. பக்கத்து சீட்டைப் பார்க்கக் கூடாது என்று முடிவு செய்துகொண்டேன். அப்படி முடிவு செய்ததனாலேயே பார்த்துக்கொண்டே இருந்தேன். அது காலியாகத்தான் இருந்தது.

“திருப்பு.”

திருப்பினேன். என் காலுக்கு அடியிலிருந்து அந்த முனகல் எழுந்தது. வாசலில் நின்று கேட்டதெல்லாம் ஒன்றுமே இல்லை. உள்ளே உட்கார்ந்தால் அது உடம்புக்குள் கேட்டது. எதிரே மீட்டர் விளக்குகள் செத்துப் பிழைத்தன. நான் தொடாத வைப்பர் கண்ணாடி மேல் ஒருமுறை துடித்து அடங்கியது.

“வுடு” என்ற சத்தம் எனக்குக் கேட்கவில்லை. மாமா கதவைத் தட்டிய பிறகுதான் கையை எடுத்தேன். அழவில்லை. அழுவதற்கு வாயைத் திறக்க வேண்டுமே.

மாமா என்னை இறக்கி, பல்பைப் பிடித்துக்கொள்ளச் சொன்னார். ஒயரின் ஒரு முனையைப் பேட்டரியில் மாட்டிவிட்டு மறு முனையைக் கீழே அடிச்சட்டமான சேஸிஸ் இரும்பில் வைத்தார். பளீரென்று எரிந்தது. அதையே எடுத்துக் கேபின் இரும்பில் வைத்தார். பல்பின் கம்பி மட்டும் சிவப்பாகத் தெரிந்தது.

“பாத்தியா? கீழ எரியுது, மேல எரியல. மேல எர்த்து இல்ல. கரண்டு போனா திரும்பி வரணும் பாப்பா. திரும்ப வழி இல்லன்னா இன்னா பண்ணும்? கண்ட வூட்டுக் கதவெல்லாம் தட்டும். லைட்டுக்குள்ள பூந்துக்கும், ஹாரனுக்குள்ள பூந்துக்கும். அதான் முனகுது.”

பயம் போவதற்காகச் சொன்னார். வழி தெரியாமல் ஏதோ ஒன்று வீடு வீடாகக் கதவைத் தட்டுகிறது என்று கேட்டதும் எனக்குப் பயம் இரண்டு மடங்காயிற்று.

கேபினையும் சேஸிஸையும் சேர்க்கிற தட்டையான செப்புப் பட்டை ஒன்று முன்பக்கம் பம்பருக்குக் கீழே இருந்தது. மாமா தலையை உள்ளே விட்டார். நானும் பக்கத்தில் தலையை விட்டேன். பட்டையைப் பிடித்திருந்த போல்ட் கையாலேயே சுற்ற வந்தது. பட்டைக்கும் இரும்புக்கும் நடுவே ஒரு துணி. நாலைந்து மடிப்பாக, ஓரம் ஓரமாகச் சேர்த்து மடித்து வைத்த பச்சைத் துணி. மஞ்சள் கரை. பெரியம்மாவின் பழைய ரவிக்கை அது. அதன் மிச்சத்தை வைத்துத்தான் அவள் அடுப்பிலிருந்து பாத்திரம் இறக்குவாள்.

“மாமா, இது பெரியம்மாவோட…”

மாமா துணியைக் கைக்குள் மூடிக்கொண்டார். அதைச் சட்டைப் பைக்குள் திணித்தார். பிறகு வெளியே தலையை எடுத்து, “எலி, மாமா, எலி! துணிய எடுத்தாந்து சொருவி வச்சிருக்குது!” என்று பெரியப்பாவுக்குக் கேட்கக் கூவினார். ஓரம் பார்த்து மடிக்கிற எலி எங்கே கிடைக்கும் என்று எனக்குத் தோன்றத்தான் செய்தது. ஆனால் மாமா சொன்னால் சரியாகத்தான் இருக்கும்.

உப்புத்தாள் போட்டு இரும்பைத் தேய்த்துவிட்டு ஸ்பேனரால் போல்ட்டை இறுக்கினார். என்னை மறுபடி மேலே ஏற்றினார். சாவியைத் திருப்பினேன். லாரி ஒரே சுற்றில் பிடித்துக்கொண்டது. எனக்கு அந்த நிமிஷம் வந்த சந்தோஷம் பரீட்சை எதிலும் வந்ததில்லை. அம்மா கையைத் தட்டினாள். பெரியப்பா ஓடிவந்து ஏறி, என்னைப் பக்கத்து சீட்டுக்குத் தள்ளிவிட்டு, ஸ்டியரிங்கை இரண்டு கையாலும் தடவினார். அவர் கண்ணில் தண்ணீர். “லோடுக்குப் போறேன்டி” என்று கீழே நின்ற பெரியம்மாவிடம் கத்தினார். பெரியம்மாவும் அழுதுகொண்டிருந்தாள். எல்லோருக்கும் சந்தோஷம் என்று நினைத்துக்கொண்டேன்.

அப்போதுதான் பெரியப்பாவின் கை நின்றது. கண்ணாடி வழியாக எதிரே பார்த்தார். எதிரே கோலம் இருந்தது, அதன் மேல் வெயில் இருந்தது. மாமாவும் பெரியம்மாவும் பக்கவாட்டில் நின்றிருந்தார்கள். பெரியப்பா ஹாரனை அழுத்தினார். முனகல் போய்க் கணீரென்று அடித்தது. நிறுத்தவில்லை. காலி வாசலைப் பார்த்து அடித்துக்கொண்டே இருந்தார்.

“நகுரச் சொல்லு பாப்பா அவன” என்றார், சாதாரணக் குரலில். “முதுகக் காட்டிக்கினு நிக்கிறான் பாரு.”

நான் பார்த்தேன். யாரும் இல்லை. பெரியப்பாவின் வலது கால் ஆக்ஸிலரேட்டரை மிதிக்க இன்ஜின் அலறியது. இடது கால் கிளட்ச்சில் இருந்தது, அதை விட்டால் லாரி பாய்ந்துவிடும். ஜன்னலில் தலையை நீட்டி, “மாமா, முன்னாடி யாரோ நிக்கிறாங்களாம்” என்றேன்.

மாமா காலி வாசலைப் பார்த்தார். பெரியப்பாவைப் பார்த்தார். பக்கத்து சீட்டில் இருந்த என்னைப் பார்த்தார். கடைசியாகத் தன் அக்காவைப் பார்த்தார். பெரியம்மா தம்பியை நோக்கிக் கை இரண்டையும் கூப்பி நின்றாள். அக்கா தம்பியைக் கும்பிட்டு நான் அதற்கு முன்பும் பார்த்ததில்லை, பின்பும் பார்த்ததில்லை.

மாமாவின் முகம் மாறியது. ஆனால் குரல் மாறவில்லை. “மாமா, ஒரே ஒரு வாட்டி அணைச்சிட்டுப் போடுங்க. வழியில நின்னுடப் போவுது, இங்கயே செக் பண்ணிக்குவோம்” என்றார். டீசல் இன்ஜின் ஒருமுறை ஓடத் தொடங்கிவிட்டால் எர்த்தைப் பிடுங்கினாலும் நிற்காது. ஓட்டுகிறவர்தான் அணைக்க வேண்டும். பெரியப்பா ஒயரிங்காரன் சொல்லுக்குக் கட்டுப்பட்டு அணைத்தார். மாமா ஸ்பேனரோடு பம்பருக்குக் கீழே குனிந்தார். வெகுநேரம் நிமிரவில்லை.

“இப்ப போடுங்க மாமா.”

பெரியப்பா சாவியைத் திருப்பினார். லாரி முனகியது.

மாமா எழுந்து கையைத் துடைத்துக்கொண்டார். பேய்க்கு லைசன்ஸ் கேட்ட மனிதர், தெருவே கேட்கும்படி, “என் கையில இல்ல மாமா. இதுல இன்னாமோ இருக்குது. நீங்க இதத் தொடாதீங்க” என்றார். என்னைத் தூக்கி இறக்கிவிட்டு அந்தக் கேபின் பக்கம் அவர் திரும்பியே பார்க்கவில்லை. மாமாவே பயப்படுகிறார் என்றால் அது எவ்வளவு பெரிய பேயாக இருக்கும்! அன்றோடு எனக்குத் தைரியம் விட்டுப்போயிற்று. அம்மா, “நீயே நம்புறியாப்பா?” என்று கேட்டதற்கு, “கண்ணால பாத்தனே” என்று மட்டும் சொல்லிவிட்டுப் பைக்கை எடுத்தார். பொய் இல்லை. அவர் என்ன பார்த்தார் என்பதுதான் எங்களுக்குத் தெரியவில்லை.

பெரியப்பா சாவியைக் கொடுத்துவிட்டார். அந்த வெட்டு முழுக்க மாற்று டிரைவர்தான் ஓட்டினார். அக்கா கல்யாணம் குறையில்லாமல் நடந்தது. அதற்கு அடுத்த மாதம் பெரியப்பா கொல்லையில் வலிப்பு வந்து விழுந்தார். பெரிய ஆஸ்பத்திரியில் ஸ்கேன் எடுத்துப் பார்த்தார்கள். தலைக்குள் கட்டி இருந்தது. ரொம்ப நாளாக இருந்திருக்கிறது. ஏரிக்கரைக்கு முன்பே அவர் சாப்பிட உட்காரும்போது, “அவருக்கும் ஒரு தட்டு வையி” என்பாராம். யாருக்கு என்று பெரியம்மா கேட்டதில்லை. இன்னொரு தட்டு வைப்பாளாம். ஆஸ்பத்திரிக்குக் கூப்பிட்டால் அடிக்க வந்தாராம். பேய் என்றால் ஊர் எலுமிச்சம்பழம் கொண்டுவரும். தலையில் கோளாறு என்றால் வந்த வரன் திரும்பிப் போகும். அதனால் வாயைத் திறக்காமல், இத்தனை வருஷம் அவருக்கு ஸ்பேனர் எடுத்துக் கொடுத்துத் தெரிந்துகொண்டதை வைத்து, பெரியப்பா ஏறுகிற நாளில் விடியற்காலையிலேயே துணியைச் செருகி லாரியை நிறுத்தியிருக்கிறாள், மாற்று டிரைவர் வருகிற நாளில் எடுத்துவிட்டிருக்கிறாள். இதெல்லாம் பெரியப்பா போய்ப் பல வருஷம் கழித்து, எனக்கும் கல்யாணமான பிறகு பெரியம்மாவே சொன்னது. சொல்லும்போது அழுதாள். அவரை வண்டியிலிருந்து இறக்கிய பாவத்துக்கு அழுதாளாம். நான் அவள் கையைப் பிடித்துக்கொண்டேன்.

ஆனால் என் மனதில் நிற்பது அதற்கெல்லாம் முன்பு, சாவியைக் கொடுத்துவிட்ட புதிதில் நடந்தது. நட்ட நடுப் பகல். பெரியப்பா வாசலில் கட்டிலில் உட்கார்ந்திருந்தார், நான் பக்கத்தில் வீட்டுப்பாடம் எழுதிக்கொண்டிருந்தேன். லாரி இல்லை, லோடுக்குப் போயிருந்தது.

“பாப்பா, அவன் வண்டியவுட்டு எறங்கிட்டான்டி” என்றார் மெதுவாக. “தோ, துவைக்கிற கல்லாண்ட நிக்கிறான்.”

பென்சில் என் கையிலிருந்து விழுந்தது. துவைக்கிற கல் ஈரமாக இருந்தது. வேறொன்றும் இல்லை. உள்ளேயிருந்து பெரியம்மா வந்தாள். கேட்டிருக்க வேண்டும். புடவையை இழுத்துச் செருகிக்கொண்டு நேரே அந்தக் கல்லுக்குப் போனாள்.

“எங்க நிக்கிறான்? இங்கயா?”

“இன்னும் கொஞ்சம் அந்தாண்ட.”

பெரியம்மா ஓரடி தள்ளி நின்றாள். “இங்கயா?”

“ம்.”

“இப்ப நான் நிக்கிறேன் பாருங்க. என்னத் தெரியுதா?”

பெரியப்பா வெகுநேரம் பார்த்தார். பிறகு, “ஆமா, நீதான்” என்றார். முகம் தெளிந்தது. “காபி போடேன்” என்றார்.

அவள் உடனே நகரவில்லை. வெயிலில் செருப்பில்லாமல் அதே இடத்தில் நின்றுகொண்டிருந்தாள். நான் அன்று சாயங்காலமே பள்ளிக்கூடத்துப் பிள்ளைகளிடமெல்லாம் சொல்லிக்கொண்டு திரிந்தேன்: எங்கள் பெரியம்மா பேயை விரட்டிவிட்டாள், அவளுக்குப் பயமே கிடையாது.